கை நனைக்காமல் தின்ற கோஸ்

நங்கை, கோஸ் ஓரம் கருகுகிற வாசம் எழுந்ததும் அன்றைக்கு உன் ஓடு வேய்ந்த வாடகை அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக என் அடுப்படிக்குள் வந்து நின்றுகொண்டார்கள். உட்கார்ந்திருந்த வரிசையிலேயே சொல்கிறேன். வாசலைப் பார்த்துச் சுவரில் சாய்ந்தபடி உன் பெரிய அண்ணன் செங்கோடன், எனக்கு மச்சாண்டார். அவருக்கு இடப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு அவர் பெண்டாட்டி பாவாயி அக்கா. எதிரே கருப்பண்ணன். ரிக்கு வண்டியில் போய் ஊர் ஊராக ஆழ்குழாய்க் கிணறு போட்டுப் பாதி நாட்டைச் சுற்றியவன், அன்றைக்குச் சாட்சிக்கு என்று நீ கூப்பிட்ட ஆள். தகரப் பெட்டியை ஒட்டி எங்கள் வீட்டுக்காரர், உன் சின்ன அண்ணன். அடுப்புக்கு முன்னால் நீ. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நான். வேறு யாரும் இல்லை. இருந்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் தங்கையும் நங்கைதான், அண்ணன் பெண்டாட்டியும் நங்கைதான். நான் உன்னை நங்கை என்பேன், நீ என்னை நங்கை என்பாய். கேட்கிறவர்களுக்கு யார் யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாது. இப்போது அப்படிக் கூப்பிட எனக்கும் ஆள் இல்லை, என்னை அப்படிக் கூப்பிடவும் ஆள் இல்லை. அதனால்தான் பேனா எடுத்தேன். என் எழுத்து சேற்றில் எருமை நடந்த மாதிரி இருக்கும் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். இன்றைக்கு உனக்குத் தெரிய வேண்டிய ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மகன் நாமக்கல்லில் இருந்து வரும்போது ஒரு பொட்டலம் வாங்கி வந்து ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுப் போனான். நேற்றுத் திறந்து பார்த்தால் சாசேஜ். விரல் விரலாக, இளஞ்சிவப்பாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, ஐஸ் பெட்டி கத்த ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருடம் நான் இதைச் செய்ததில்லை. செய்ய ஆசை இல்லாமல் இல்லை. உனக்கு வராமல் போனது எனக்கு மட்டும் எதற்கு என்று இருந்தேன். ஆனால் நீயே போன பிறகு யாருக்காக ரோஷம்? வீட்டுக்குப் பின்னால், பொடக்காளி வேலியோரம் வந்து போகிற கோஸ்காரனிடம் இறுக்கமான கோஸ் ஒன்று வாங்கினேன்.

நீ செய்தபடியே செய்தேன். வடச்சட்டியில் கடலெண்ணெய் விட்டு, சாசேஜைச் சாய்வாக அரிந்து போட்டு, தோல் செம்பழுப்பாகச் சுருங்குகிற வரைக்கும் புரட்டி, சட்டியின் ஓரத்துக்கு ஒதுக்கினேன். அதிலிருந்து இறங்கின கொழுப்பிலேயே சின்ன வெங்காயம், தட்டின பூண்டு. பொரியலுக்கு அரிகிற மாதிரிப் பொடியாக இல்லாமல் கோஸை உள்ளங்கை அகலத்துக்குப் பிய்த்துப் போட்டேன். தண்ணீர் கிடையாது. உப்பும் அப்போது கிடையாது, முன்னால் போட்டால் கோஸ் அழுதுவிடும் என்பாய். பிறகுதான் எனக்கு ஆகாத வேலை. கோஸை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கிளறாமல் நிற்க வேண்டும்.

முதல் தடவை பார்த்தபோது நான் கத்தினேன்.

"ஐயோ நங்கை, கருகுது பாரு!"

"கருகோணுமுங்க நங்கை. சித்த கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

"நாங்க கோஸே தின்னதில்லையா?"

"நீங்க தின்னது வெந்த கோஸு. இது வேற."

கருகினதுக்கும் வெந்ததுக்கும் நடுவில் ஒரு நிமிடம் இருக்கிறது, அதைப் பிடிக்க வேண்டும் என்றாய். அந்த நிமிடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். மூக்கைத் தொட்டுக் காட்டினாய். இறக்கும்போது மிளகு, துளி நாட்டுச் சர்க்கரை, அரை எலுமிச்சம்பழம். எல்லாம் ஒரே சட்டி. கழுவவும் அது ஒன்றுதான்.

இதை உனக்குச் சொல்லிக்கொடுத்த ஆளைப் பற்றி எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை. மேட்டூரில் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் நீ சமையலுக்கு இருந்தபோது, கொதிகலன் பழுது பார்க்க வந்த வெளிநாட்டுக்காரன். மிளகாய் ஆகாமல் உன் குழம்பைத் தொடாமலே எழுந்து போவான் என்றாய். ஒரு நாள் அவனே அடுப்படிக்கு வந்து, கையைக் காட்டி விலகச் சொல்லி, சட்டியை எடுத்துச் செய்தான். நீ பார்த்துக்கொண்டாய். அவன் மொழி உனக்குத் தெரியாது, உன் மொழி அவனுக்குத் தெரியாது. அவன் ஊரில் இதை அவன் அம்மா செய்வாளா, பெண்டாட்டி செய்வாளா? அங்கே கோஸ் எந்த மாதத்தில் வரும்? கறியைத் தோலுக்குள் திணித்து முடி போடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? இதெல்லாம் உன்னிடம் கேட்டால், "அவனையே கேட்டிருக்கோணும், வாயில்லாமப் போச்சு" என்பாய். எனக்கு வாய் இருந்தும் கேட்க வேண்டியதை யாரிடம் கேட்டேன்?

உன் வீட்டுக்காரர் இறந்த பிறகு மேட்டூர் வேண்டாம் என்று நீ நம் ஊர் மல்லசமுத்திரத்துக்கே வந்தாய். வடச்சட்டி ஒன்று, தகரப் பெட்டி ஒன்று. பிள்ளை இல்லை. ஓட்டு அறை ஒன்றில் வாடகைக்கு இருந்துகொண்டு, நம் பழைய வீட்டின் ரோட்டோர முன்னறையைக் கேட்டாய். பெரிதாக என்ன கேட்டாய்? குச்சிக்கிழங்கு மூட்டையும் ஓடாத மோட்டாரும் போட்டு வைத்திருந்த அறை. பக்கத்தில் பஞ்சர் கடை. பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, முட்டை வண்டிகளும் லாரிகளும் ரிக்கு வண்டிகளும் அங்கே நிற்காமல் போகாது. ஒரே சட்டியில் சுடச்சுட ஏதாவது செய்து போட்டால் வருகிறவன் தின்றுவிட்டுப் போவான், நான் என் அடுப்பு முன்னால் நிற்பேன் என்றாய். 'என் அடுப்பு' என்று நீ சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. ஊரெல்லாம் சமைத்துப் போட்டவள், அதுவரை நின்றதெல்லாம் அடுத்தவர் அடுப்பு.

வீடு உன் பெரிய அண்ணன் கையில் இருந்தது. அவர் சொன்னதும் என் காதில் இருக்கிறது.

"எங்கப்பன் ஊட்டு வாசல்ல லாரிக்காரனெல்லாம் உக்காந்து பல்லுக் குத்தோணுமா அம்மிணி? எங்க ஊட்டுப் பொண்ணு அவனுக்குத் தட்டுக் கழுவோணுமா?"

"மேட்டூர்ல கழுவுனப்ப உங்களுக்கு வலிக்கலீங்களாண்ணா?"

"அது மேட்டூரு."

அதற்குப் பிறகுதான் நீ அந்தப் பந்தயத்தை வைத்தாய். நம் பக்கத்து வழக்கம் உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு பேச்சுக்குப் போன வீட்டில் பேச்சு முடியாமல் யாரும் கை நனைக்க மாட்டார்கள். பெண் பார்க்கப் போனாலும் அப்படித்தான், பாகம் பிரிக்கப் போனாலும் அப்படித்தான். அந்த வீட்டுச் சோற்றைத் தின்று, அந்த வீட்டுச் சொம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டால் சம்மதம். அப்புறம் மாற்றிப் பேசினால் தெருவில் தலை காட்ட முடியாது.

கருப்பண்ணனை வைத்துக்கொண்டு சொன்னாய்: "அண்ணா, கடையில நா என்னத்தச் செஞ்சு போடுவனோ அதையே செய்யறேன். எங்க ஊட்டுக்கு வாங்க. புடிக்கலீனா எந்திரிச்சுப் போயிருங்க, ஒரு வார்த்தை கேக்கமாட்டன். கை நனைச்சீங்கன்னா முன்னாடி ரூம்பு எனக்கு."

"சாவி?" என்று கேட்டார் செங்கோடன்.

"சாவியும் அன்னைக்கே."

அவர் சிரித்தார். "திங்கறதா வேண்டாமாங்கறது என்ற வாயி. சரி அம்மிணி, வாரேன்."

தின்னாமல் எழுந்து வருவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்தார். சுவரில் சாய்ந்த விதமே சொன்னது. வெற்றிலையை வாய் நிறைய அடக்கிக்கொண்டு வந்திருந்தார்.

நீ அடுப்பைப் பற்ற வைத்தாய். சட்டியை வைத்தாய். சேலத்திலிருந்து ஐஸ் டப்பாவில் வந்த சாசேஜை எடுத்து அரிய ஆரம்பித்ததும் கருப்பண்ணன் எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க அம்மிணி, ஆயில் ஹோஸைத் துண்டு போட்டாப்பல இருக்குதே, இதுவா கறி?"

"திங்கறதுக்கு முன்னாடி ஹோஸு, தின்ன பொறகு கறி. சும்மா உக்காருங்க."

"கோழிக்கறின்னு சொன்ன, எலும்பு எங்க?" இது பாவாயி அக்கா.

"எலும்பு எடுத்துட்டாங்க நங்கை."

"எலும்பு இல்லாட்டி கோழிங்கறதுக்கு என்ன சாட்சி?"

"கோழியக் கூட்டியாந்து சத்தியம் பண்ணச் சொல்லட்டுங்களா?"

கருப்பண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தான். செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் எண்ணெயில் தோல் வெடித்து, பூண்டு விழுந்து, கோஸ் அடங்கி, அந்தக் கருகல் வாசம் அறை முழுக்கப் பரவினபோது, நான் அவர் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்கியது. எழுந்து வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். நீ திரும்பிப் பார்க்கவில்லை. உன் முதுகே சிரித்தது நங்கை. நான் கண்டேன்.

தட்டு ஒன்று குறைந்தது. அடுத்த வீட்டில் வாங்கி வர நான் போனேன். அந்த வீட்டுக்காரி தட்டைத் துடைத்துத் துடைத்துக் கொடுக்கிறாள், எனக்கோ காலில் நிற்க முடியவில்லை. திரும்பி நிலைக்கு வந்தால், செங்கோடன் தின்றுகொண்டிருக்கிறார்! உன் தட்டில், உன் கோஸை, கண்ணை மூடிக்கொண்டு. எனக்கு உள்ளே குதித்தது. முடிந்தது, அறை உன்னுடையது என்று நினைத்தேன். மறுபடி போடு என்று தட்டை நீட்டினார். நீ போட்டாய். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன்.

கையில் ஸ்பூன்.

கெஸ்ட் ஹவுஸை விட்டு வரும்போது உனக்குக் கொடுத்தார்களே, வெல்வெட்டுத் துணியில் சுற்றி, ஸ்டீல் ஸ்பூன்கள். அதில் ஒன்று. மற்றவர்கள் எல்லோரும் கையால் தின்கிறார்கள். அவர் மட்டும் அதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இடுக்கி, திருநீறு எடுக்கிற மாதிரி எடுத்து எடுத்து வாயில் போடுகிறார். ஏதோ நாகரிகம் என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். வழித்துத் தின்றார். ஏப்பம் விட்டார். நீ சொம்பில் தண்ணீர் மொண்டு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாய்.

"கை கழுவுங்கண்ணா."

அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். சுத்தமாக இருந்தது.

"எதுக்கு அம்மிணி? கையிலதான் ஒண்ணும் படலையே."

கருப்பண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏனுங்கண்ணா, உள்ள போனது போனதுதானுங்களே?"

"உள்ள போனதைப் பத்தியாப்பா பேச்சு? கையைப் பத்தித்தான பேச்சு? நீதான சாட்சி. அவ என்ன சொன்னா, சொல்லு."

கருப்பண்ணன் சொல்ல முடியாமல் தலையைச் சொறிந்தான். நீ சொன்னது அதுதான். செங்கோடன் துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கோஸு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அதைச் சொல்லாமல் போயிருந்தால்கூட அவர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் ஒரு பிடி குறைந்திருக்கும்.

நீ அழவில்லை. சொம்போடு திரும்பிப் போய் அந்தத் தண்ணீரைக் காய்ந்த சட்டியில் ஊற்றினாய். ஊற வைத்தால்தான் அடி விடும் என்று என்னிடம் சொன்னாய், நான் கேட்காமலே.

அடுத்த சந்தைக்குள் நீ மேட்டூர் பஸ் ஏறிவிட்டாய்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு. அந்த ஸ்பூன் அவர் கைக்கு எப்படி வந்தது? தகரப் பெட்டிக்குள் துணியில் சுற்றி இருந்த பொருள். நீ எடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அவருக்கு அங்கே ஸ்பூன் இருக்கிறது என்று யார் சொன்னது? நான் தட்டு வாங்கப் போன அந்தக் கொஞ்ச நேரத்தில் நடந்தது. கருப்பண்ணனைப் பஞ்சர் கடையில் பிடித்துக் கேட்டேன். "நா பீடிக்கு வெளிய வந்துட்டனுங்க. திரும்பி உள்ள வந்தா அவரு தின்னுட்டிருக்கறாரு." சத்தியம் பண்ணினான், நம்பினேன். பாவாயி அக்காவை மாரியம்மன் கோயிலில் கேட்டேன். "எனக்கு என்ன தெரியும், நா கோஸப் பாத்துட்டிருந்தேன்" என்றாள். அதையும் நம்பினேன், சட்டியில் இருந்து கண்ணை எடுக்கிற ஆள் இல்லை அவள். அவளோடு நான் பேசாமல் இருப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன, அதில் மாற்றம் இல்லை. எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டேன். "நா எதைக் கண்டேன்" என்று துண்டை உதறிக்கொண்டு போனார். அவர் எந்தப் பக்கமும் பேசாதவர் என்று ஊரே சொல்லும். ஆகவே செங்கோடனே பெட்டியைத் திறந்து எடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். தங்கை பெட்டியில் கை விட்ட மனுஷன் என்று, அவர் செத்த அன்றைக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் அவர் தலைக்கு எண்ணெய் வைத்தேன்.

ஒரு முறை உன்னைப் பார்க்க மேட்டூர் வந்தேனே. கெஸ்ட் ஹவுஸ் பின்கட்டில், குழாயடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து இதையே செய்து கொடுத்தாய். கேஸ் அடுப்பு, அவர்கள் சட்டி. நான் தின்றுகொண்டே கேட்டேன்.

"நங்கை, அந்த ஸ்பூன எடுத்துக் குடுத்தது யாரு? உனக்குத் தெரியுமா?"

"கோஸு ஆறுது, தின்னுங்க."

"தெரியுமா, தெரியாதா?"

"இன்னொரு கரண்டி போடட்டுங்களா?"

உன் வாயில் இருந்து ஒன்றும் வரவில்லை. கிளம்பும்போது அணையில் பிடித்த ஜிலேபி மீனைச் சுத்தம் பண்ணி, உப்பு மஞ்சள் தடவி, இலையில் கட்டிக் கொடுத்தாய். "சின்னண்ணனுக்குங்க. மீனுன்னா உசுரு அவருக்கு" என்றாய். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, அன்றைக்குப் பொழுதோடு வறுத்து அவருக்குப் போட்டேன். முள்ளைக்கூட மென்று துப்பினார்.

அதற்குப் பிறகு நீ முட்டி தேய்கிற வரைக்கும் அடுத்தவர் அடுப்பு முன்னால் நின்றாய். போன ஐப்பசி மழையில் சேதி வந்தது. வந்து பார்த்தேன். உன் அறையில் அடுப்பு இல்லை நங்கை. சாப்பாடு கெஸ்ட் ஹவுஸில் இருந்து வந்துவிடுமாம், எதற்கு அடுப்பு என்றாயாம். அதை யாரோ ஒருத்தி நல்ல சேதி போலச் சொன்னாள்.

நீ கேட்ட முன்னறையில் இப்போது என்ன இருக்கிறது என்று சொல்லட்டுமா? ஃப்ரைடு ரைஸ் கடை. செங்கோடன் மகன் வாடகைக்கு விட்டிருக்கிறான். பொழுதோடு லாரிக்காரர்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து தின்றுவிட்டுப் பல்லுக் குத்துகிறார்கள். யார் அப்பன் வீட்டு மானமும் போகவில்லை. அந்தக் கடைக்காரனும் கோஸ்தான் அரிகிறான், மூட்டை மூட்டையாக. ஒரு நாள் நின்று பார்த்தேன். கிளறிக்கொண்டே இருக்கிறான்.

இனி இன்றைக்கு நடந்தது.

கோஸை இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, எங்கள் வீட்டுக்காரருக்குத் தட்டில் வைத்தேன். அவருக்கு இப்போது கண் மங்கல், பல்லும் பாதிதான். குனிந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"இது தங்கச்சி செய்யறதல்ல?"

"ஆமாங்க."

"ஒரு ஸ்பூன் குடு புள்ள" என்று சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்தார். "அன்னைக்கு அண்ணனுக்குக் குடுத்தாப்பல."

நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"யாருங்க குடுத்தா?"

"யாரு குடுப்பா, நாந்தான். பொட்டி என்ற பக்கத்துலதான இருந்துச்சு."

"நா கேட்டப்பத் தெரியாதுன்னீங்களே?"

"அப்பச் சொன்னா நீ ஊட்டை ரெண்டாக்கிருப்ப. இப்ப அவரும் இல்ல, அவளும் இல்ல. இனிமே யாருக்கு என்ன?"

"எதுக்குங்க குடுத்தீங்க?"

அவர் கோஸை விரலால் தள்ளிக்கொண்டே, பேரனுக்கு விவரம் சொல்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார். அண்ணனுக்குத் தின்ன ஆசை வந்துவிட்டது, ஆனாலும் பயந்துகொண்டு எழுந்துவிடப் பார்த்தார். எழுந்திருந்தால் ஆசையாகச் செய்தவள் மனது உடைந்துபோகும். கையால் தின்றாலோ அண்ணன் கட்டுப்பட்டுவிடுவார், அப்புறம் காலத்துக்கும் வீட்டில் சண்டை. "நீ தட்டுக்குப் போயிருந்த, அவ அடுப்புக்கிட்டக் குனிஞ்சிருந்தா. மெல்லப் பொட்டியத் தொறந்து ஸ்பூன எடுத்து அண்ணன் கையில வெச்சேன். இதுல தின்னா கை நனையாதுங்கண்ணான்னேன். சிரிச்சுட்டாரு. அவ செஞ்சதையும் தின்னாச்சு, அண்ணனும் தப்பிச்சாரு. ரெண்டு பேருக்கும் பாதகமில்லாம முடிச்சு வெச்சேன்."

"அவளுக்குப் பாதகமில்லீங்களா?"

"அன்னைக்கு அழுதாளா என்ன?"

அவர் முகத்தில் கள்ளம் இல்லை நங்கை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. செங்கோடன் வேண்டாம் என்றவர், வாசலிலேயே நின்று வேண்டாம் என்றார். அவரோடு நீ சண்டை போட்டாய், பந்தயம் வைத்தாய், ஜெயித்தும் விட்டாய். அவர் வெற்றிலையைத் துப்பின அப்போதே நீ ஜெயித்தாயிற்று. உன் கைக்கு வரவிருந்த அந்தச் சாவியை உன் பக்கத்திலேயே உட்கார்ந்து, உன் பெட்டியைத் திறந்து, உன் மேல் பாசமாகவே எடுத்துக் கொடுத்திருக்கிறார் இவர். உன்னிடம் பகை இல்லை, அறை மேல் ஆசை இல்லை. சத்தம் வரக் கூடாது, அவ்வளவுதான். ஒரு வீட்டில் சத்தம் வராமல் இருக்க ஒருத்தி காலமெல்லாம் அடுத்தவர் சட்டியைக் கழுவினாள்.

இப்போது எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். உனக்குத் தெரியுமா? அடுப்புப் பக்கம் குனிந்திருந்தவளுக்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்காமலா இருந்திருக்கும்? அந்தப் பெட்டியின் கொண்டி எப்படிக் கிறீச்சிடும் என்று எனக்கே தெரியும். கேட்டிருந்தால், திரும்பிப் பார்க்காமல் ஏன் இருந்தாய்? சின்ன அண்ணன் உனக்காக ஏதோ எடுக்கிறார் என்று நினைத்தாயா? தெரிந்தும்தான் அந்த மீனைக் கட்டிக் கொடுத்தாயா, தெரியாமலே கொடுத்தாயா? தெரிந்து கொடுத்திருந்தால் நீ என்ன மாதிரி மனுஷி? நான் அதைச் சமைத்துப் போட்டதை நினைத்தால் கை எரிகிறது. மேட்டூரில் நான் இன்னும் நாலு தடவை கேட்டிருக்க வேண்டும். நீ பேச்சை மாற்றியிருப்பாய், நான் மறுபடி கேட்டிருக்க வேண்டும்.

அவர் தட்டை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். போட்டேன். போடாமல் இருக்க எனக்கு வராது, அது வேறு கணக்கு. நானும் தின்றேன். நன்றாக வந்திருக்கிறது, உன் அளவுக்கு இல்லை. அந்த ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் முந்திவிட்டேன். இனி வாரம் ஒரு தடவை செய்யப் போகிறேன், பிடிபடுகிற வரைக்கும்.

உன்னிடம் இருந்து எனக்கு வந்தது கிளறாமல் நிற்கிற பொறுமை, அது அடுப்புக்கு மட்டும். மனிதர்களிடம் எனக்கு அது கிடையாது, வேண்டவும் வேண்டாம். நீ மன்னித்துவிட்டுப் போயிருக்கலாம். அது உன் இஷ்டம். நான் போகிற வரைக்கும் இதைக் கீழே வைக்க மாட்டேன். ஒரே கூரைக்குக் கீழே சோறு போட்டுக்கொண்டே வைத்திருப்பேன்.

கழுத்தில் தாலி ஏறின நாளில் இருந்து எங்கள் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைத்தான் சொல்லச் சொல்வேன். இன்றைக்கு உனக்காக, எழுத்துக் கூட்டி, என் கையாலேயே எழுதுகிறேன். உன் பெட்டியைத் திறந்தது செங்கோடன் இல்லை. பாவாயி அக்கா இல்லை.

வையாபுரி.